ஹனானுக்காகத் தேடிய எள் விழுது

காரைக்குடி
வியாழக்கிழமை

என் அன்பு மகன் முஜிபுர் ரகுமானுக்கு,

பெரியத்தா சாதிக் அலி எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அந்த ஓமன் பாலைவனத்தில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க துஆச் செய்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்பதுதான் அடுத்த வரி, நாற்பது வருடமாக நான் எழுதிய எல்லாக் கடிதத்திலும் அது வந்திருக்கிறது, இதில் வராது. முதலில் பயப்படாதே, ஹனான் வயிற்றில் பிள்ளை அசைகிறது, காலையில்கூட உன் அம்மா கையை வைத்துப் பார்த்துவிட்டு உதைக்குது என்றாள். ஆனால் ஏழு மாதத்துக்கு எடை குறைவு என்று டாக்டரம்மா கிருத்திகா முகத்தைச் சுருக்கியிருக்கிறார், திங்கட்கிழமை மறுபடியும் ஸ்கேன். போனில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று நீ கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்கு வேடிக்கையாக ஏதாவது சொல்லத் தோன்றிவிடும், நீ சிரிப்பாய், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். பக்கங்களை சப்ரின் படம் பிடித்து அனுப்புவாள், என் மகள் ஆயிற்றே, ஒன்றை விட்டுவிட்டு அனுப்பினாலும் அனுப்புவாள், மொத்தம் ஏழு பக்கம், எண்ணிப் பார்த்துக்கொள்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஜோர்டானில் உன் மாமியார் சமீரா மாரடைப்பில் மௌத்தான செய்தியை நீ என்னிடம்தான் முதலில் சொன்னாய். பெரியத்தா, ஹனான்கிட்ட சொல்லிராதீக, பிள்ளை பிறக்கட்டும், நானே வந்து பக்குவமா சொல்லிக்கிறேன் என்று அழுதாய். சார்ஜாவில் உங்கள் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது எனக்கும் உன் அம்மா பல்கீஸுக்கும் கண்முன் வந்தது. மாசமாக இருக்கிற பெண்ணின் காதில் சாவுச் செய்தியைப் போடுவது நம் பக்கத்தில் வழக்கமில்லை, பல்கீஸும் அதையே சொன்னாள், ஹனானின் அண்ணனும் அங்கிருந்து சரி என்றுவிட்டார். பொய் சொல்லும் இலாகா எனக்கு ஒதுக்கப்பட்டது. அதில் தப்பில்லை, உன் சுன்னத்துக்கு வந்த கூட்டத்தில் காரைக்குடி ஜங்ஷனில் மூன்று ரயில் நகர முடியாமல் நின்றது என்று உன்னைப் பத்தாம் வகுப்புவரை நம்ப வைத்தவன் நான். அதனால் உங்க உம்மாவுக்குக் கண் ஆபரேஷன், நாற்பது நாள் போனைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, பேசினால் தையல் பிரியும், தும்மினால் கண்ணே வெளியே வந்துவிடும் என்று அந்தப் பிள்ளையிடம் அளந்துவிட்டேன், சப்ரின் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னாள். ஆனால் அவள் கையில் போன் இருக்கிறதே, அவள் ஊர்ச் சொந்தக்காரர் யாராவது ஒரு வரி அனுப்பினால் போதுமே. மறுநாள் குளியலறைப் பக்கம் நிறைந்திருந்த வாளியில் அந்தப் போன் தவறி விழுந்தது. தவறி என்று எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். நான்தான் போட்டேன். எடுத்துத் துடைத்து செல்போன் கடை விக்கியிடம் கொடுத்து, தம்பி, அவசரமே இல்லை, நாற்பது நாள் கழிச்சுப் பிரிச்சால் போதும், கேட்டா சாமான் வரலைன்னு சொல்லு என்று சொல்லிவிட்டு, ஊரையே காப்பாற்றிய தளபதி மாதிரி டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஹனான் ஒரு சீட்டோடு வந்தாள். அவள் ஊர் வழக்கப்படி என்னை அம்மோ என்றுதான் கூப்பிடுவாள், சித்தப்பன் பெரியப்பனுக்கு அங்கே அதுதானாம். அம்மோ, ஹம்மஸ் செய்யணும் என்று சீட்டை நீட்டினாள், கடலையை அரைத்துச் செய்யும் அவர்கள் ஊர்த் துவையலாம். அதுவரை ஒரு தோசையைப் பிய்த்துப் பிய்த்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த பிள்ளை தானாக வாய்திறந்து ஒன்றைக் கேட்டதும் உன் அம்மாவுக்கு ஈத் பெருநாள் வந்த மாதிரி ஆகிவிட்டது, மசக்கை இப்பத்தான் திரும்பியிருக்கு, என்ன கேட்டாலும் வாங்கியாந்துருங்க என்று என்னை வாசலுக்குத் தள்ளினாள். வெள்ளைக் கொண்டைக்கடலை, பூண்டு, எலுமிச்சை, சீரகம் எல்லாம் தெருமுனையிலேயே ஆனது. ஆலிவ் எண்ணெய்க்குத்தான் நான் கப்பலேறாத குறை. கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் ஆறு மளிகைக் கடையில் கேட்டேன், ஆறு பேரும் மெடிக்கலுக்குப் போங்க பாய் என்றார்கள். மெடிக்கலில் இருந்த பெண் பிள்ளைக்குத் தடவுறதா, முடிக்குத் தடவுறதா என்று கேட்டாள், சாப்பிடுறதுக்கு என்றேன், டாக்டர் சீட்டு இருக்கா என்றாள். கண்ணுக்கு மை தீட்டும் அளவுக்கு ஒரு குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தேன், ஹனான் மோந்து பார்த்துவிட்டு எடுத்துப்போய்க் காலில் தடவிக்கொண்டாள். அடுத்தது எள் விழுது. அவர்கள் ஊரில் வெள்ளை எள்ளைத் தோல் நீக்கி அரைத்து டப்பாவில் விற்கிறார்களாம், அது இல்லாமல் ஹம்மஸ் இல்லையாம். எள் என்றதும் உன் அம்மா அடுப்படி வாசலை மறித்து நின்றுவிட்டாள், மாசமா இருக்குற பிள்ளைக்கு எள்ளா, சூடு வயித்தைக் கலக்கிரும், நான் உசுரோட இருக்குறவரைக்கும் எள்ளு இந்த வாசப்படி தாண்டாது என்றாள். டாக்டரம்மா கொஞ்சமாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று சொல்லியும் கேட்கவில்லை, அவுக படிச்சவுக, நான் பெத்தவ என்றாள். அவளைச் சமாதானப்படுத்த நாலு நாள். மாவு மில்லில் எள்ளைப் போட்டால் கல்லில் பிசுக்குப் பிடிக்கும் என்று விரட்டிவிட்டார்கள். செக்கு வைத்திருக்கும் நாச்சியப்பன் செட்டியாரிடம் போனேன், என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாய், எண்ணெயத் தனியா பிண்ணாக்கத் தனியாப் பிரிக்கிறதுக்குத்தான எங்க அப்பச்சி காலத்துலருந்து இந்தச் செக்கு சுத்துது, நீங்க பிரிக்காமக் குடுங்குறீக, இதுக்கு நான் கடையச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிருவேன் என்றார்.

இதெல்லாம் நடந்ததுதான், நானும் அனுமார் மலையைத் தூக்கிய மாதிரி ஒவ்வொரு நாளும் வந்து சொன்னேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது. நல்ல ஆலிவ் எண்ணெய் மூன்றாம் நாளே சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்துவிட்டது, அதை என் பீரோவில் சட்டைக்கடியில் இருபது நாள் ஒளித்து வைத்திருந்தேன். சாமான் எல்லாம் சேர்ந்துவிட்டால் அவள் செய்ய உட்காருவாள், உட்கார்ந்தால் அளவு கேட்க உம்மாவிடம் பேசவேண்டும் என்பாள், அப்போது என் கண் ஆபரேஷன் எத்தனை நேரம் தாங்கும். வெறுங்கையோடு வந்து நான் கதை விடும்போது அவள் சிரித்துக்கொண்டே நாலு கரண்டி கஞ்சியாவது குடித்துவிடுவாள், அதுவே பெரிய காரியம் என்று நானும் பல்கீஸும் கண்ணைக் காட்டிக்கொள்வோம்.

நேற்று எல்லாம் சேர்ந்துவிட்டது, இனிமேல் ஒளிக்க இடமில்லை. சப்ரினும் உன் அம்மாவும் எள்ளை ஊறப்போட்டுத் தேய்த்துத் தோல் எடுத்து வறுத்து மிக்ஸியில் போட்டார்கள், மிக்ஸி இரண்டு தடவை புகைந்தது. ஹனான் கீழே உட்காரமுடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து, வெந்த கடலையை ஒவ்வொன்றாகத் தோல் உரித்தாள். யாரிடமும் ஒரு அளவும் கேட்கவில்லை. அரைத்து, தட்டில் பரப்பி, நடுவில் குழி செய்து எண்ணெய் ஊற்றினாள். உன் அம்மா விரலால் தொட்டு நக்கிவிட்டு, நல்லாத்தான் இருக்கு, கடலைத் துவையல்ல மிளகாய் போட மறந்தாப்புல என்றாள். நான் ஹனான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு விரல்கூட வாயில் வைக்கவில்லை. ஏழு கிண்ணத்தில் பிரித்தாள், ஒவ்வொன்றின் மேலும் இரண்டு சப்பாத்தியை மடித்து வைத்தாள், சப்ரினிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். சப்ரின் கையில் எடுத்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். அத்தா, இத ஏழு வீட்டுக்குக் கொடுக்கணுமாம், வாங்குறவுக இவுக உம்மாவுக்காக ஒரு பாத்திஹா ஓதணுமாம் என்றாள்.

எனக்கு நாக்கு இருக்கிறதே, அது அப்போதும் நிற்கவில்லை. உயிரோட இருக்குறவுகளுக்கு யாராவது பாத்திஹா ஓதுவாகளா, கண்ணு சீக்கிரம் ஆறணும்னு சொல்றா போல என்று ஆரம்பித்தேன். ஹனான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மோ, கலாஸ் என்றாள். போதும் முடிந்தது என்பதற்கு நீங்களெல்லாம் வளைகுடாவில் சொல்கிற சொல்தான், எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், இத்தனை மெதுவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. யார் சொன்னது என்று சப்ரின் கேட்டாள். பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னார் என்றாள்.

உனக்கு இது தெரியாது. பத்தாம் நாள் உன் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, பெத்த மக நம்ம வீட்டுல இருக்கா, அந்த மனுசிக்கு ஒரு யாசீன்கூட இங்க ஓதலையே என்று புலம்பினாள். மௌத்தான என் தம்பி, உன் அத்தாவின் வருஷப் பாத்திஹா என்று பெயர் சொல்லிப் புது ஹஜ்ரத்தை வீட்டுக்கு அழைத்தோம். சமீரா பின்த் யூசுப் என்று பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வாசலிலேயே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஹஜ்ரத், தமிழ்ல துஆ கேட்டுறாதீக, உள்ள இருக்குற பிள்ளைக்கு இப்பத் தமிழ் பாதி புரியுது, முழுக்க அரபியிலேயே முடிச்சிருங்க என்று சொன்னேன். முஜிபு, நான்தான் சொன்னேன், என் வாயால். அரபி என்றால் ஓதுவது, ஓதி முடித்ததும் ஆமீன் சொல்வது, அதைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு மனுஷி அடுப்படியில் நின்று அர்த்தத்தோடு கேட்பாள் என்று எனக்கும் தோன்றவில்லை, பல்கீஸுக்கும் தோன்றவில்லை, காலேஜில் படிக்கிற சப்ரினுக்கும் தோன்றவில்லை. யூசுபின் மகள் சமீராவை மன்னிப்பாயாக, அவள் மண்ணறையை விசாலமாக்குவாயாக என்று அவர் நிறுத்தி நிறுத்திக் கேட்டார், நாங்கள் வீடு அதிர ஆமீன் சொன்னோம். தன் தாய் இறந்ததை அந்தப் பிள்ளை அப்படித்தான் கேட்டிருக்கிறாள், ஒரு திரைக்கு அந்தப்பக்கம், கையில் தேநீர்த் தட்டோடு. ஹஜ்ரத் நல்லா துஆ கேட்டார் என்று நேற்று சொல்கிறாள்.

தெரிந்ததை ஏன் மறைத்தாய் என்று பல்கீஸ் அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். நீங்க நான் சாப்பிடுற ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கிட்டிருந்தீங்க, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா இன்னும் பயப்படுவீங்க என்றாள், சப்ரின் எடுத்துச் சொன்னாள். ஆக மூன்று வாரமாக அவள் என் கதைகளுக்குச் சிரித்தது எங்களுக்காகச் சிரித்தது. அடுத்தது உனக்கு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சப்ரின் போனை வாங்கி மாடிக்குப் போகும்போது, இன்னைக்கு அவர் சொல்லிருவார் என்று நினைத்துப் போவாளாம். நீ வெயிலைப் பற்றியும் டூட்டியைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுவாயாம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள், அவளுடைய போன். உம்மா அனுப்பிய குரல் பதிவெல்லாம் அதில் இருக்கிறதாம், கேட்டுக்கொண்டே பிள்ளையைப் பெற்றுவிடுவேன் என்றாள். இன்று காலை கடை திறக்கும் முன்னமே விக்கி கடை வாசலில் நின்றேன். அவன் என் முன்னாலேயே பிரித்தான், உள்ளே பச்சை பிடித்துக் கிடந்தது. அய்யா, அன்னைக்கே பிரிச்சுக் காய வச்சிருந்தா எல்லாத்தையும் எடுத்திருக்கலாம், நீங்கதான நாப்பது நாள்னீக, போர்டே அரிச்சுப் போச்சு, அவுக வேற எங்கயும் காப்பி எடுத்தும் வைக்கலை என்றான். மதுரைக்குக் கொண்டுபோனால் என்றேன், எங்க கொண்டுபோனாலும் இதான் அய்யா என்றான். அவன்மேல் கோபப்பட ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

வந்ததிலிருந்து அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பழைய சாதிக் அலி என்றால் இதற்குள் ஒரு கதை தயாராகி இருக்கும், கடையில் தீப்பிடித்தது, திருடன் வந்தான் என்று. சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு மாடிக்குப் போய்ச் சொல்லப்போகிறேன், சப்ரின் அதை அப்படியே சொல்லவேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஹனான், உன் போன் தானாக விழவில்லை, நான்தான் தண்ணீரில் போட்டேன், உன் உம்மாவின் குரல் போய்விட்டது. இந்த மூன்று துண்டு வார்த்தையை எழுத எனக்கு நாலு தாள் வீணாகிவிட்டது, எழுத எழுத ஒரு அலங்காரம் வந்து ஒட்டிக்கொண்டே இருந்தது. எனக்காக நீ அவளிடம் மன்னிப்புக் கேட்காதே, பரிந்தும் பேசாதே.

நாளை வெள்ளிக்கிழமை நீ கூப்பிடும்போது சாப்பிட்டாயா தூங்கினாயா என்று ஆரம்பிக்காதே. அவள் உம்மாவின் பெயரைச் சொல்லி ஆரம்பி, உனக்கு அழுகை வந்தால் அழு, பெரியவன் மாதிரி அடக்காதே. லீவு தரவில்லை என்றால் மறுபடி கேள், பிரசவத்துக்கு என்று கேட்காதே, என் மனைவியின் தாய் இறந்துவிட்டார் என்று கேள், அதுதான் உண்மை. கேட்டு வாங்கிக்கொண்டு திங்கட்கிழமைக்கு முன் வரப்பார். உன் அம்மாவுக்கு மருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வார்த்தை சொல், நான் சொன்னால் கேட்பதில்லை. ரப்பு உனக்கும் ஹனானுக்கும் பிள்ளைக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும், எங்கள் பிழைகள் அந்தப் பிள்ளையின் மேல் இறங்காமல் காக்கட்டும்.

முக்கியமாக ஒன்று, மறந்துவிடாதே. பெருநாளுக்குப் பெருநாள் மாமியார் உனக்கு நாலு நிமிஷம் ஐந்து நிமிஷம் பேசிக் குரல் பதிவாக அனுப்புவார், பாதிக்குமேல் கேட்டதே இல்லை என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். அவற்றை அழித்துவிட்டாயா இல்லையா என்று கூப்பிடுவதற்கு முன்னால் பார். அழித்திருந்தால் அதையும் அவளிடம் சொல்லிவிடு.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உன் பெரியத்தா
மு. சாதிக் அலி