அவர் சத்தம் போட மாட்டார்

பெய்ரூட்
செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை

மாதா துணை

அன்புள்ள தம்பி ஃபவ்வாஸுக்கு,

உன் அக்கா வதாத் எழுதிக்கொள்வது. தொலைபேசியில் பதினோரு முறை கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். மருந்துக்கடைக்காரர் மகள் ஜுமானா வெள்ளிக்கிழமை பாரீஸுக்குத் திரும்புகிறாள். உன் கையில் நேரடியாகக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளை வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பிவிடாதே. உள்ளே கூப்பிட்டு ஒரு காப்பி கொடு.

உன் முதுகுவலிக்கு வைத்தியம் நடக்கிறது என்று பத்திரிகையில் படித்தேன். எந்த மருத்துவமனை என்று போடவில்லை. கனமான எதையும் தூக்காதே. சின்ன வயதில் அத்திமரத்திலிருந்து விழுந்த இடம்தான் இப்போது வலிக்கிறதா?

இங்கே கரண்ட் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வருகிறது. தண்ணீர் வண்டி வாரம் இரண்டு முறை. அத்தானுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். காலையில் வழக்கம்போல நடக்கப் போகிறார். கீழே காய்கறிக்கடை தனூஸ் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, "ஜனாதிபதி அவர்களுக்கு இன்னிக்கு வெள்ளரிக்காய் எவ்வளவு?" என்று கேட்கிறான். கடையில் இருக்கிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். அத்தானும் சிரித்துக்கொண்டே, "அரை கிலோ போடு. முதல்ல அமைச்சரவையைக் கேட்டுட்டு வரேன்" என்கிறார். மாடிக்கு வந்து வெள்ளரிக்காயை மேஜையில் வைத்துவிட்டு, சட்டையை மாற்றாமலே ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

நீ முதல் முறை வந்தது பிப்ரவரியில். நாட்டுக்கு ஜனாதிபதி இல்லாமல் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் நீங்கள் கூடுவதும் கலைவதுமாக இருந்தீர்கள். நம் கிறிஸ்தவர்களில் யார் பெயரைச் சொன்னாலும் முஸ்லிம்கள் பக்கம் எழுந்து போய்விடும், அவர்கள் ஒரு பெயரைச் சொன்னால் நம்மவர்கள் எழுந்து போய்விடுவார்கள். நீ இந்தச் சோபாவில் உட்கார்ந்து அத்தானிடம் சொன்னாய்: "நாலு பக்கமும் எதிர்க்காத பேரு இந்த நாட்டுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு அத்தான். அது உங்க பேரு."

அவர் மறுத்துவிட்டார். எழுபத்தைந்து வயது, ஓய்வுபெற்ற நீதிபதி, அரசியல் தெரியாது என்றார். அது உண்மையான காரணம் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உள்நாட்டுப் போர் முடிந்த நாளிலிருந்து அவர் செய்தது ஒரே வேலைதான். சோதனைச் சாவடிகளில் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்களைத் தேடும் வேலை. துரூஸ் தாய்மார், ஷியா தாய்மார், நம் தாய்மார், எல்லோரும் அந்த இரண்டு அறை அலுவலகத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்றால், அவர் எந்தக் கட்சியின் மேடையிலும் ஏறாததுதான் காரணம்.

இரண்டாம் முறை நீ வந்தபோதும் மறுத்தார். மூன்றாம் முறை வந்து மிலாதின் படத்துக்குக் கீழே போய் நின்றாய். நம் இருவருக்கும் நடுவில் பிறந்தவன், இருபத்திரண்டு வயதில் மலைச்சாலைச் சாவடியில் காரிலிருந்து இறக்கப்பட்டவன். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "மிலாத் இருந்திருந்தா அவனும் உங்களைத்தான் கேட்டிருப்பான் அத்தான்." சொல்லும்போது உன் கண்ணில் தண்ணீர் வந்தது. அத்தான் அதற்கப்புறம் மறுக்கவில்லை. அந்தக் கண்ணீர் நிஜமா என்றுதான் இப்போது தினமும் யோசிக்கிறேன். நிஜமாகத்தான் இருந்திருக்கும். அதுதான் எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

போட்டியிடுகிறவர் பொதுப் பதவி எதிலும் இருக்கக் கூடாது என்றாய். மறுநாளே ராஜினாமா கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தாய். அவர் கையெழுத்து மட்டும் போட வேண்டியிருந்தது. முப்பது வருட வேலைக்கு ஐந்து வரி.

அப்புறம் ஆறு வாரம். நீதான் பார்த்தாயே. வடக்கே திரிப்போலியிலிருந்து பெண்கள் தட்டு நிறைய இனிப்பு கொண்டுவந்தார்கள். ஷூஃப் மலையிலிருந்து துரூஸ் பெரியவர் ஒருவர் ஆப்பிள் கூடையோடு நான்கு மாடி ஏறி வந்தார், லிஃப்ட் ஓடவில்லை. தெற்கிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் வந்து, எங்கள் ஊரில் உங்கள் பெயரைச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தான் இரவுச் சாப்பாட்டின்போது, நடக்குமோ என்னவோ என்றார். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்தில் அவர் முகத்தில் அந்த ஆசையை நான் பார்த்ததில்லை. நானும் ஆசைப்பட்டேன், மறைக்க மாட்டேன். வரவேற்பறைத் திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டேன்.

ஒரே ஒருத்திதான் வாழ்த்தவில்லை. உம்மு ஹுசாம். ஹுசாமின் அம்மா, மிலாத் காணாமல் போன அதே வாரம் மகனைத் தொலைத்தவள். இத்தனை வருடமும் வியாழக்கிழமை தவறாமல் அலுவலகத்துக்கு வந்தவள். வீட்டுக்கு வந்தாள், காப்பியைத் தொடவில்லை. அத்தானைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க புள்ளைங்களை இழுத்துட்டுப் போனவங்ககிட்டயே ஓட்டு கேக்கப் போறீங்க. நாளைக்கு நீங்க தேடுறது எங்க புள்ளைங்களையா, அவங்க கையெழுத்தையா?" அவள் கருப்பு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனாள். அடுத்த வியாழக்கிழமையிலிருந்து மற்றத் தாய்மாரும் அத்தானைப் பார்க்க வரவில்லை.

தேர்தல் நாள் காலை நீ என்னைக் கூப்பிட்டாய். முதல் சுற்றில் அத்தானுக்கு அறுபது ஓட்டுக்குக் குறையாது அக்கா என்றாய். சீட்டுகளைச் சபாநாயகர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் வெறும் பெயரை எழுதுவார்கள், நான் மட்டும் அத்தானின் அப்பா பெயரையும் சேர்த்து எழுதுவேன், 'நஸீப் யூசுப் பர்ஹூம்' என்று கேட்டால் அது உன் தம்பி என்று தெரிந்துகொள் என்றாய். நான் கேட்கவில்லை ஃபவ்வாஸ். நீயாகத்தான் சொன்னாய்.

ஜெனரேட்டர்காரனிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தோம். பக்கத்து வீட்டார் எல்லாம் எங்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் பேப்பரில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். எதிர்த்து நின்ற முன்னாள் அமைச்சருக்கு நாற்பத்து நான்கு. வெற்றுச் சீட்டு எழுபத்தைந்து. வெற்று, வெற்று, வெற்று என்று சபாநாயகர் படிக்கப் படிக்க, என் கை நின்றுவிட்டது. அத்தானுக்கு ஒன்பது. நான்கில் 'நீதிபதி நஸீப் பர்ஹூம்' என்று இருந்தது. ஐந்தில் வெறும் 'நஸீப் பர்ஹூம்'. யூசுப் என்ற பெயர் அந்த மண்டபத்தில் ஒரு முறைகூடப் படிக்கப்படவில்லை.

இரண்டாம் சுற்றில், அன்று காலைவரை எந்தப் பத்திரிகையிலும் வராத ஒரு பெயருக்கு எழுபத்தொரு ஓட்டு விழுந்தது. அந்த மனிதரின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு விருப்பமில்லை. கேமரா உன் பக்கம் திரும்பியபோது நீ கைதட்டிக்கொண்டிருந்தாய். அத்தான் எழுந்து போய் டிவியை அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார். எல்லோரும் போனபிறகு என்னிடம், அவசரத்தில் அப்பா பெயரை விட்டிருப்பான், அந்த ஐந்தில் ஒன்று அவனுடையதாகத்தான் இருக்கும் என்றார். நானும் ஆமாம் என்றேன். இரண்டு பேரும் அதை நம்பப் பார்த்தோம். பத்து நாள் நம்பினோம்.

பதினோராம் நாள் ஜவாத் வந்தார். தெற்கத்தி உறுப்பினர், உங்களுக்கு எதிர் அணி. வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "நான் உங்களுக்கு ஓட்டுப் போடல நீதிபதி ஐயா. போடுறேன்னு சொல்லவும் இல்ல. அதனாலதான் உங்க முன்னாடி வந்து உக்கார முடியுது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். முன்னாள் அமைச்சர் ஜெயிக்கக் கொஞ்சம் பேர்தான் குறைவாம். அந்தக் கொஞ்சம் பேரை அவர் பக்கம் போகவிடாமல் நிறுத்திவைக்க, எல்லோருக்கும் பிடித்த நல்ல பெயர் ஒன்று ஆறு வாரத்துக்குத் தேவைப்பட்டதாம். நஸீப் வருகிறார், பொறுங்கள் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, அன்று காலை, நஸீபுக்கு ஆள் சேரவில்லை, வெற்றுச் சீட்டுப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டாம் சுற்றில் ஜெயித்தவரைக் கொண்டுவருவது உட்பட இதெல்லாம் பிப்ரவரியிலேயே ஒரு வீட்டில் இரு அணியும் உட்கார்ந்து பேசி முடித்ததாம். அந்த அறையில் ஜவாதும் இருந்தாராம். நீயும் இருந்தாயாம்.

அதற்காக எந்தப் பெயரைப் பலிகொடுப்பது என்று பேச்சு வந்தபோது நீ சொன்னாயாம். ஜவாத் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன். "எங்க அத்தான் பேரைப் போடுங்க. யாரும் குறை சொல்ல முடியாது. தோத்தாலும் சத்தம் போட மாட்டார்."

அத்தான் அவருக்கு இன்னொரு கோப்பை காப்பி ஊற்றினார். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து என்னிடம், "அவன் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லையே வதாத். நான் சத்தம் போட மாட்டேன்தானே" என்றார்.

நான் போடுவேன் என்றேன். ஆனால் யாரிடம் போய்ப் போடுவது? அம்மா இறந்தபோது உனக்கு ஒன்பது வயது. உனக்காக எங்கள் கல்யாணத்தை மூன்று வருடம் தள்ளிப்போட்டவர் இந்த மனிதர்தான். அதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று இத்தனை வருடம் இருந்தேன். இன்று சொல்லிவிட்டேன்.

அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள், அது உனக்குத் தெரிந்திருக்கும். அவர் இடத்துக்கு யாரையும் போடவில்லை. மேலே இருந்து உத்தரவு என்று காவலாளி சொல்கிறார். யாருடைய உத்தரவு என்று அவருக்கே தெரியவில்லை.

அத்தான் மூன்று வியாழக்கிழமை ஷூஃபில் இருக்கும் உம்மு ஹுசாம் வீட்டுக்குப் போனார், நானும் கூடப் போனேன். முதல் இரண்டு முறை அவள் கதவைத் திறக்கவில்லை. காரில் உட்கார்ந்து காத்திருந்துவிட்டுத் திரும்பினோம். மூன்றாம் முறை திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள். அத்தான் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். உன் பெயரைச் சொல்லவில்லை, யார் ஏமாற்றினார்கள் என்றும் சொல்லவில்லை. நான் ஆசைப்பட்டுவிட்டேன், அது என் தப்பு என்று மட்டும் சொன்னார். அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"தப்பு இருக்கட்டும். நான் குடுத்த ரத்தம் எங்க?" என்று கேட்டாள்.

பூட்டிய அந்த அலுவலகத்தில் ஒரு குளிர்பெட்டி இருக்கிறது ஃபவ்வாஸ். எங்கேயாவது குழி தோண்டி எலும்பு எடுத்தால், யார் பிள்ளை என்று ஒப்பிட்டுப் பார்க்க, தாய் தகப்பன்மார் கொடுத்த ரத்தம் கண்ணாடிக் குழாய்களில் அதில் இருக்கிறது. கொடுத்தவர்களில் பாதிப்பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களிடம் மறுபடி போய்க் கேட்க முடியாது. காவலாளி தன் சொந்தப் பொறுப்பில், மாடி ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து அந்தப் பெட்டியை ஓட வைத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் எத்தனை நாள் முடியும் என்று தெரியவில்லை என்கிறார். அதில் நம் அப்பாவுடையதும் இருக்கிறது. ஊசி போடும்போது அவர் பயந்தார், நீதான் கையைப் பிடித்துக்கொண்டாய்.

பொதுப்பணித்துறை அமைச்சர் பதவி உனக்கு வரும் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அலுவலகக் கட்டடம் அந்தத் துறையுடையது. சாவி உன் மேஜைக்கு வரும். நான் உன்னிடம் எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. அத்தானுக்காகவும் கேட்கவில்லை. அவரைத் திரும்ப அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டாம், கூப்பிட்டாலும் வரமாட்டார். வேறு யாரையாவது போடு, உனக்குப் பிடித்த ஆளாகவே இருக்கட்டும். பூட்டை மட்டும் திறக்கச் சொல். ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதே. பதவியேற்ற அன்றைக்கே சொல்.

உம்மு ஹுசாம் இப்போது வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறாள். இன்னும் இரண்டு பேரும் வருகிறார்கள். அத்தான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதையெல்லாம் முதலிலிருந்து எழுதிக்கொள்கிறார். யார் சார்பில் எழுதுகிறீர்கள் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

நான் உனக்கு எழுதுகிறேன் என்று அத்தானிடம் சொன்னேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதச் சொன்னார். அவருடைய அன்பைச் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். என்னுடையதை எழுத இன்னும் கை வரவில்லை, அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே.

ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும்.

உன் அக்கா,
வதாத்