வின்னிபெக் வரை அளந்த வேகம்

தாலிபோன், போஹோல்
ஆகஸ்ட் 19, செவ்வாய்

மகள் மரிவிக்குக்கு,

இங்கே நான், உன் அம்மா, இரண்டு பன்றிகள் எல்லோரும் நலம். வின்னிபெக்கில் நீயும் நலம் என்று உன் அம்மா சொல்கிறாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை உன் சித்தி மகள் நெனிதா கொண்டுவருகிறாள். வியாழக்கிழமை விமானம். உலர்ந்த மாம்பழம் ஆறு பொட்டலம் கொடுத்திருக்கிறேன், எண்ணி வாங்கு. அவள் வாயை நீ அறிவாய்.

மூன்று ஞாயிறுகளாக நீ கூப்பிடவில்லை. "பெரியவங்களுக்குக் குனியத் தெரியாதவ இனிமே கூப்பிட வேண்டாம்" என்று சொன்னது நான்தான், மறுக்கவில்லை. பிறந்ததிலிருந்து என் பேச்சு எதையும் கேட்காத நீ, இதை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறாய்.

என் நியாயத்தையும் கேள். ஆறு வருடமாக ஞாயிறு பூசை முடிந்ததும் கைப்பேசிக்கு நேரே புறங்கையை நீட்டுகிறேன். நீ அங்கே நெற்றியைத் திரையில் வைத்து ஆசி வாங்குவாய். இப்போது சில மாதமாக நான் கை நீட்டினால் நீ அசைவதில்லை. பல் டாக்டரிடம் உட்கார்ந்தவள் போல வாயைத் திறந்தபடி இருக்கிறாய். நான் கையை எடுத்த பிறகு குனிகிறாய். கடைசி முறை நீ குனிந்த நேரத்தில் திரைக்கு முன்னால் நின்றது நம் நாய். பக்கத்து வீட்டுத் தெயோஃபிலா அதைப் பார்த்துவிட்டு, என்னை அண்ணன் முறை வைத்தே, "நோங் எவோ, வீட்டுல யாரு பெரியவங்கன்னு உங்க மகளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். எந்தத் தகப்பன் பொறுப்பான்?

"படம் நின்னு நின்னு வருதுப்பா" என்றாய். உடனே கைப்பேசியில் இணைய வேகச் சோதனை போட்டேன். 184 வந்தது. இந்தத் தெருவில் யாருக்கும் 184 இல்லை. பிறகு நான் எப்படி நம்புவது? சினிமா பார்த்தால் ஒரு இடத்திலும் நிற்பதில்லை, மகள் முகம் மட்டும் நிற்குமா?

போன வாரம் இணைப்பு கொடுத்த ஜெர்வினை வரவழைத்தேன். எங்கள் பக்கம் குறையில்லை என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன், உனக்கு அனுப்பத்தான். அவன் திரையைப் பார்த்துச் சிரித்தான். "நோங், இது பக்கத்துத் தீவு செபு வரைக்கும்தான் அளக்குது. உங்க மக செபுலயா இருக்கா?" என்றான்.

அந்தச் சோதனை பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத்தான் போய்த் தொட்டுவிட்டு வருமாம். எந்த ஊர் வரை அளப்பது என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாமாம். அவனை அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். படகு எஞ்சினையும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மணிலா 171. ஹாங்காங் தொண்ணூறுக்குக் கீழே. டோக்கியோவில் இன்னும் இறங்கியது. பெருங்கடலைத் தாண்டியதும் வான்கூவரில் பதினான்கு. வின்னிபெக்கை ஐந்து நாள், மூன்று வேளையும் சோதித்தேன். ஏழைத் தாண்டவில்லை. சில வேளை இரண்டு.

சினிமா மட்டும் எப்படி நிற்காமல் வருகிறது என்று ஜெர்வினை மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன். "அதுக்கு ஒரு நகலை மணிலாவுலயே வச்சிருக்காங்க நோங். உங்க மகளுக்கு யாரு வச்சிருக்கா?" என்றான். உன் அம்மா எழுந்து பன்றிகளுக்குத் தீனி வைக்கப் போய்விட்டாள். அப்போதுதான் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

நான் தவறு செய்தேன் என்று எழுதுவதாக நினைக்காதே. இயந்திரம் கேட்டதற்குப் பதில் சொன்னது. கேள்வியில் ஊரின் பெயர் இல்லாமல் போனது, அவ்வளவுதான். நீ குனிந்தாய் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

இந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு, உனக்குச் சனி மாலை ஏழு, கைப்பேசி முன்னால் இருப்பேன். நாயைக் கட்டிவிடுகிறேன். கை நீட்டியபடியே இருக்கும். படம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கட்டும், நீ நிமிர்ந்துவிட்டேன் என்று சொல்லும்வரை எடுக்க மாட்டேன். கை வலித்தால் உன் அம்மா தலையணை வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். கூப்பிடு, மகளே.

உன் அப்பா,
யூசேபியோ கபாஹுக்