பொட்டு வைத்த சிலிண்டர்

புரட்டாசி 22, செவ்வாய்

தூறல். காலையில் கடலூர் ஆஸ்பத்திரி. குடலிறக்கத் தையல் ஆறிவிட்டது. உள்ளே வைத்த வலையும் நன்றாகப் பிடித்திருக்கிறதாம்.

வீட்டில் கனமான வேலை உண்டா என்று டாக்டர் கேட்டார். கைப்பம்பைச் சொன்னேன். ஏர் ரைபிளுக்குக் காற்று ஏற்றுவது. கார் டயரைப் போல நூறு மடங்கு அழுத்தம். கடைசியில் உடம்பு முழுவதையும் சாய்த்து அமுக்க வேண்டும். மேசைமேல் அமுக்கியே காட்டினேன்.

“ஐயா, அத மறந்துடுங்க.”

பம்பைத்தான் மறக்கச் சொன்னார். வெளியே வந்ததும் என் மனைவி சரோஜா தன் தம்பிக்குப் போன். “துப்பாக்கியே வேணாம்னுட்டாரு டாக்டரு.” பக்கத்திலேயே நிற்கிறேன், எனக்குக் காது இல்லாத மாதிரி.

ஆக, காற்று அடைத்த டேங்க் வாங்கி அதிலிருந்து ரைபிளுக்கு ஏற்ற வேண்டியதுதான். வேறு வழியில்லை.

மாட்டுக்கொட்டகைச் சுவரில் காகிதம் ஒட்டி, தினமும் காலையில் சுடுவது ஒன்றுதான் எனக்கு. டம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது. ரைபிளைப் பிடித்தால் நடுங்குவதில்லை. டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை.

புரட்டாசி 23, புதன்

வெயில். முதுகு எரிகிறது. டேங்க் பற்றித் தெரிந்தவரை:

கார்பன் டேங்க்: எடை குறைவு, தூக்கலாம். ஆயுள் முடிந்தால் குப்பை. கீறல் விழுந்தாலும் பயம்.

இரும்பு: கனம். முரட்டு ஜாதி. என்னைப் போல. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தண்ணீர் ரொப்பி அழுத்திப் பார்க்கும் சோதனை, கழுத்தில் தேதி குத்துவார்கள். தேதி தாண்டியது பிணம்.

முந்நூறு பார் அழுத்தம் தாங்க வேண்டும். ரைபிளுக்கு இருநூறு போதும்தான். ஆனால் டேங்கிலும் இருநூறே என்றால் இரண்டாம் தடவைக்கே அரைவயிறு.

சமையல்கட்டு, மொட்டைமாடியில் வைக்கக் கூடாது. சுவரோடு சங்கிலி.

முடிவு: சின்ன இரும்பு டேங்க்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வெல்டிங் கேஸ் விற்பவரிடம் விசாரித்தேன். “காத்துக்கா கடலூர் போறீங்க? ஆக்சிஜன் ரொப்பித் தரேன், எடுத்துக்கிட்டு வாங்க. அதுவும் காத்துதான பெரியவரே?”

ரைபிளுக்குள் எண்ணெய்ப் பசை இருக்கும். அந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் பட்டால் முகம் மிஞ்சாது. சொன்னேன். சிரித்தார். நான் மோட்டார் காயில் கட்டிப் பிழைத்தவன், எட்டாவது படித்தவன். நான் சொன்னால் சிரிப்புத்தான்.

மாலையில் சரோஜாவின் தம்பி, மச்சான் கதிரவன் போன். ரசாயனக் கம்பெனியில் பாதுகாப்புச் சாமான் ஸ்டோரைப் பார்த்து ரிடையர் ஆனவன். புகையில் நுழைகிறவர்கள் முதுகில் மாட்டும் சிலிண்டரெல்லாம் அவன் கையில் இருந்தவை.

“மாமா, நீங்க அலையாதீங்க. என்ன சைஸுன்னு மட்டும் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்.”

சொன்னேன். வாழ்க்கையில் ஒரு வேலையை அடுத்தவனிடம் விட்டது இதுதான் முதல்.

புரட்டாசி 25, வெள்ளி. ஆயுத பூஜை.

மழை இல்லை. போர் மோட்டாருக்கு நீலம், சைக்கிளுக்குக் கறுப்பு, அரிவாள் பிடிக்குச் சிவப்பு. நேற்றே பெயின்ட் அடித்தாயிற்று. ரைபிளைத் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

பதினோரு மணி வாக்கில் மச்சான் காரில் வந்தான். பழைய வேட்டியில் சுற்றிய டேங்க். பளபளவென்று மஞ்சள் பெயின்ட். கழுத்தடியில் மூன்று விரல் பட்டை விபூதி, அதன்மேல் தோசைக்கல் சைசுக்குச் சந்தனம், குங்குமம்.

“என்னடா, பெயின்ட் வாசனை வருது?”

“பூஜைக்குக் கொண்டாரேன், பெயின்ட் அடிக்காம கொண்டாருவனா மாமா?”

நியாயம்தான். தேதி பார்த்தாயா என்றேன்.

“பாத்துட்டேன் மாமா. பக்காவா இருக்கு.”

நானும் பார்த்திருப்பேன். பொட்டு இருந்தது. பூஜையில் வைத்த பொட்டைத் துடைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. தானாக உதிர வேண்டும். அவன் வீட்டிலும் அதே வழக்கம்தான்.

மீட்டர் முள் பூஜ்யத்தில். காலியாகத்தான் எடுத்து வரவேண்டும் என்றான். அதுவும் நியாயம். சரோஜா கற்பூரம் காட்டினாள். பொரி, கடலை, அவல். டேங்குக்கு ஒரு எலுமிச்சம்பழம். வெகு நாள் கழித்துச் சந்தோஷமான நாள் என்று எழுதலாம். எழுதிவிட்டேன்.

ஐப்பசி 3, சனி

நாலு நாளாக அடைமழை. வெள்ளாற்றில் தண்ணீர். டேங்க் இன்னும் காலி.

மச்சானிடம் கேட்டால் ரொப்புகிற ஆள் வடலூர் போயிருக்கிறானாம். அடுத்து கம்ப்ரசர் ரிப்பேராம். இன்றைக்கு மழையாம்.

“மழைக்கும் காத்துக்கும் என்னடா?”

“ஈரம் ஏறும் மாமா. உங்களுக்குத் தெரியாததா?”

எனக்குத் தெரிந்ததை வைத்தே என் வாயை அடைக்கிறான்.

நேற்று வெள்ளிக்கிழமை. சரோஜா டேங்குக்குப் புதுப் பொட்டு வைத்தாள், பழையது உதிர்வதற்குள். ரைபிளுக்கு வைக்கவில்லை. மோட்டாருக்கும் வைக்கவில்லை. பக்தி என்று நினைத்தேன்.

ஐப்பசி 4, ஞாயிறு

மழை விட்டது. நாளைக்கு நானே கடலூர் போகிறேன் என்று சரோஜாவிடம் சொன்னேன்.

“வயித்த வச்சுக்கிட்டு அதத் தூக்கிக்கிட்டா?”

“கண்டக்டர் தூக்குவான்.”

கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லைப்பக்கம் போய்ப் போனில் பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இருந்ததில்லை.

ஐப்பசி 5, திங்கள்

இதைக் கோபத்தில் எழுதுகிறேன்.

பஸ்ஸில் டேங்கைப் போர்வையில் சுற்றிக் காலடியில் வைத்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “என்ன பெருசு, பாமா?”

“காலி சிலிண்டர்.”

“பொட்டெல்லாம் வச்சிருக்கு. சாமி சாமான்போல. ஓரமா வையுங்க, யாரும் மிதிக்கப் போறாங்க.”

துறைமுகம் பக்கம் தகரக் கொட்டகை. கடலில் முங்குகிறவர்களின் பாட்டிலுக்குக் காற்று ரொப்பும் இடம். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. ரிப்பேர் எல்லாம் ஒன்றுமில்லை. லுங்கி கட்டிய முதலாளி வெளியே வந்தார். டேங்கைத் தொடவே இல்லை.

“தேதி பாக்கணும் ஐயா. பொட்ட நீங்களே தொடைங்க. நான் கை வைக்க மாட்டேன்.”

என் துண்டால் துடைத்தேன். முதலில் வரவில்லை. துண்டை நனைத்துத் துடைத்தேன்.

குத்திய தேதியை அரம் போட்டுத் தேய்த்திருந்தது. பக்கத்தில் உளியால் வெட்டிய இரண்டு பெருக்கல் குறி. மேலே மஞ்சள் பெயின்ட். சோதனையில் தோற்றதற்கு அப்படித்தான் வெட்டுவார்கள். எனக்கே தெரியும். அவர் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொன்னார்.

“கண்டம் பண்ண சிலிண்டர் ஐயா. இரும்புக் கடைக்குப் போவ வேண்டியது. ரொப்பினா நீங்களும் இல்ல, நானும் இல்ல, இந்தக் கொட்டாயும் இல்ல.”

பிறகு கொஞ்சம் தயங்கி: “நேத்தே ஒருத்தர் போன் பண்ணாரு. மஞ்ச சிலிண்டர் எடுத்துக்கிட்டு ஒரு பெரியவர் வருவாரு, ரொப்பிடாதீங்க, சண்ட போடுவாரு, பொறுத்துக்குங்கன்னு. உங்க வீட்டு ஆளா?”

சண்டை போடவில்லை. ஆட்டோ பிடித்துத் திருப்பாப்புலியூர், மச்சான் வீடு.

கதவைத் திறந்தான். துடைத்த கழுத்தைப் பார்த்தான். உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

“அக்காதான் அழுதுச்சு மாமா. பம்ப ஒளிச்சு வச்சா கடப்பாரைய எடுத்துக்கிட்டுத் தேடுவாரு, டேங்க் வாங்கித் தந்தா மறுபடி ராவும் பகலும் சுடுவாரு, தையல் பிரிஞ்சுடும்னு. வேணாம்னு சொன்னா நீங்க கேக்கற ஆளா? டேங்கும் குடுத்தாப்புல இருக்கணும், சுடவும் கூடாது. இத ஊருல ஒருத்தனும் ரொப்ப மாட்டான். அலைஞ்சு அலைஞ்சு விட்டுடுவீங்கன்னு பாத்தோம்.”

“சிதம்பரத்துல ஒருத்தன் ஆக்சிஜனே ரொப்பித் தரேங்கறான்டா.”

அவன் முகம் வெளுத்தது. அப்படி ஒருத்தன் இருப்பது அவனுக்குத் தெரியாது. ஆனாலும் சமாளித்தான்.

“நீங்க போட மாட்டீங்க மாமா. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

அதுதான் எரிகிறது. என்னை முட்டாள் என்று எண்ணி ஒரு பிணத்தை வீட்டில் கொண்டுவந்து வைக்கிறார்கள். அந்தப் பிணத்தால் நான் சாகாமல் இருக்க என் அறிவையே நம்புகிறார்கள். ஒரே ஆளை இரண்டு விதமாகவும்.

டேங்கை அவன் வாசலில் விடவில்லை. அவன் அதற்குத்தான் காத்திருந்தான். திருப்பி எடுத்து வந்தேன்.

ஐப்பசி 6, செவ்வாய்

மேகமூட்டம். டேங்கைக் கூடத்தில், படத்துக்கு எதிரே நிற்க வைத்தேன். கழுத்து தெரியும்படி.

சரோஜா காலையில் பார்த்தாள். காபி வைத்துவிட்டுப் போனாள். தம்பி நேற்றே சொல்லியிருப்பான்.

மத்தியானம் வாய் திறந்தாள். “செத்துடுவீங்கன்னுதான் பண்ணேன்.”

“வாயால சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா?”

சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன். அது வேறு. சொல்லியிருக்க வேண்டும். பொட்டுக்கு அடியில் மறைத்திருக்கக் கூடாது. நான் துடைக்க மாட்டேன் என்று தெரிந்து அங்கே வைத்தது அவள் யோசனையாம். மச்சானுக்கு அவ்வளவு மூளை கிடையாது.

ஐப்பசி 7, புதன்

கோயம்புத்தூர்க் கடைக்குப் போன் செய்து புது டேங்க் சொன்னேன். கழுத்துத் தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகுதான் சரி என்றேன். மச்சான் நாலு தடவை போன். எடுக்கவில்லை.

ஐப்பசி 9, வெள்ளி

காலையில் கண் விழித்தால் பழைய டேங்கில் புதுப் பொட்டு. வெட்டுக் குறிமேல் இல்லை, பக்கத்தில். குறி நன்றாகத் தெரிகிறது.

துடைத்தேன்.

ஐப்பசி 12, திங்கள்

மறுபடி மழை. புது டேங்க் வந்துவிட்டதாகச் சிதம்பரம் பார்சல் ஆபீஸிலிருந்து போன். தூக்க ஆட்டோக்காரரைச் சொல்லிவிட்டேன்.

புறப்படும்போது சரோஜா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

“எங்க?”

“நானும் வரேன். தேதிய நானும் பாக்கணும்.”

“குடை ஒண்ணுதான் இருக்கு.”

வீட்டில் இரண்டு குடை. அவளுக்கும் தெரியும். என் குடைக்குள் வந்து நின்றுகொண்டாள்.