கச்சான் சரையில் கிடந்த கொரியாப் பாட்டு

முரசுமோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் யதுர்ஷிகாவுக்கு,

வற்றாப்பளை அம்மாளாச்சியின் புண்ணியத்தில் நான் சுகம், முழங்கால் மட்டும் படி ஏறும்போது தன் கதையைச் சொல்லும். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதனால்தான் எழுதி, செவ்வாய்க்கிழமை கனடாவுக்குத் திரும்பும் உன் சித்தப்பா மகன் சுகிர்தனிடம் கொடுத்துவிடுகிறேன். முழுக்க வாசித்த பிறகு கோபி.

உன் கொரியாப் பாட்டுக் கொப்பி அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று போன கிழமை சொன்னேன் அல்லவா, அது பொய். தை மாதம் அலுமாரிக்குள் கறையான் ஏறிவிட்டது என்று உன் பழைய பள்ளிக்கூடக் கொப்பிகளை எல்லாம் உரப்பையில் கட்டி, பரந்தன் சந்தியில் கச்சான் கடலை விற்கும் இரஞ்சிதத்திடம் கடதாசிச் சரை சுற்றக் கொடுத்துவிட்டேன். அதோடு அதுவும் போய்விட்டது. எனக்குப் பயந்து அட்டையில் 'இரசாயனவியல்' என்று எழுதி வைத்தது நீதானே, நான் திறந்தே பார்க்கவில்லை. அந்தக் கொரியாப் பாட்டுக்காரப் பெடியள் ஆனி மாதம் ரொறன்ரோவுக்குப் பாட வருகிறார்கள், டிக்கெட் எடுத்துவிட்டேன், அப்பாவின் கையெழுத்து உள்ள கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கப்போகிறேன் என்று நீ சொன்னபோது என் வாயில் வந்தது பொய்தான்.

நீ சைக்கிளால் விழுந்து வலக்கை முறிந்திருந்த அந்த மாதத்தை நான் மறக்கவில்லை. அப்பா வயலால் வந்து காலில் சேறு கழுவியதும் கதிரையில் இருந்து கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். நீ போனில் பாட்டை விட்டு விட்டுப் போட, அவர் காதில் விழுந்ததை விழுந்தபடியே தன் உருண்டை எழுத்தில், தமிழ் எழுத்தில் எழுதுவார். மை ஊறும் என்று தாளின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் எழுதுவார். இன்னொருக்காப் போடு பிள்ளை, இவன் வாய்க்குள்ள கொழுக்கட்டையை வைச்சுக்கொண்டெல்லோ பாடுறான் என்பார். தலைமயிருக்குச் சாயம் அடித்த பெடியளின் பாட்டு, ஒரு சொல்லாவது விளங்குமா, நிறுத்துங்கோ என்று நான் குசினிக்குள் இருந்து கத்துவேன். அப்போது அவர் ஒன்று சொன்னார்: விளங்காட்டி என்னப்பா, மல்லாவியில நான் டைனமோ சுத்தச் சுத்த நீர் கேட்ட ஹிந்திப் பாட்டெல்லாம் உமக்கு விளங்கினதோ? அது எங்களுக்குக் கலியாணம் முடித்த புதிது, சண்டையில் இடம்பெயர்ந்து ஓலைக் கொட்டிலில் இருந்தோம், கரண்டும் இல்லை பற்றரியும் இல்லை. அவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் பெடலைச் சுற்றுவார், நான் டைனமோக் கரண்டில் பாடும் றேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு கேட்பேன். கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும், இன்னும் கொஞ்சம் சுத்துங்கோ என்று கெஞ்சுவேன். வெளியில் எவ்வளவோ நடந்தது, ஆனால் அந்தக் கொட்டிலில் நான் சந்தோஷமாக இருந்தேன். அப்படிப்பட்ட நான் உன்னை ஏன் ஏசினேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. இவங்கள் எங்கையாவது ஆட வந்தால் நானும் வாறன், வேட்டியோடதான் வருவன் என்று அவர் உனக்குச் சொன்னதும் நினைவிருக்கிறது. அவர் எங்களை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிவிட்டது.

நீ கேட்ட மறுநாள் முதல் பஸ்ஸிலேயே பரந்தனுக்குப் போனேன். அந்தக் கொப்பியோ அக்கா, வாசிச்ச சனமெல்லாம் இதென்ன மந்திரமெண்டு என்னைக் கேட்டுதுகள், ஒரு ஐயா பக்தியாய் மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு போனவர் என்றாள் இரஞ்சிதம். பாவம், பெட்டியை அப்படியே கொட்டித் தேடினாள். ஒன்பது தாள் கிடைத்தது, எட்டு உன் எழுத்து. அப்பாவின் தாள் ஒன்றே ஒன்று, அதுவும் சரையாகச் சுற்றிக் கச்சான் நிரப்பி விற்க வைத்திருந்தாள். வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு நடுச்சந்தியில் நின்று அழுதேன், அவள் சோடா உடைத்துத் தந்தாள். அதிலும் பாதிப் பாட்டுத்தான் இருக்கிறது, மீதி எழுதிய தாளை யார் எங்கே எறிந்தார்களோ.

மகள், அந்த மீதிப் பாட்டைத் தாளின் வெறும் பக்கத்தில் நான் எழுதியிருக்கிறேன். எப்படி என்று கேட்பாய். உன் அறைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு தகரம்தானே இருந்தது? ஐந்து வருஷம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். உன் முன்னால் ஏசுவேன், நீ பள்ளிக்கூடம் போனதும் அடுப்படியில் முணுமுணுப்பேன். அப்பாவுக்குத் தெரியும், ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எழுதியதில் பிழை இருந்தால் உன் பெடியள் பொறுத்துக்கொள்ளட்டும். அப்பா தானும் வருவதாகச் சொன்னவர், என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. இப்போது ஒரே தாளில் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போ.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அம்மாளாச்சி துணை நிற்பாள். சுகிர்தனிடம் மிளகாய்த்தூளும் பனை ஒடியலும் தந்துவிட்டிருக்கிறேன், அந்தச் சரையில் இருந்த கச்சானும் ஒரு பையில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் தலைக்கு எண்ணெய் வை. ஒன்று மறக்காதே, பாட்டுத் தொடங்கியதும் எல்லோரையும் போலத் தாளைத் தூக்கி ஆட்டாதே, எண்ணெய் ஊறிய தாள், கிழிந்துவிடும். மடியிலேயே வைத்திரு.

இப்படிக்கு,
நிறுத்து நிறுத்து என்று கத்திய உன் அம்மா,
தி. இராசேஸ்வரி