முட்டில்லாத கூரை

நம் ஊரிகம் சர்ச்சுக்கு இன்று சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஈர வாசனை வந்ததும் குழம்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். தீய்ந்தால் தீயட்டும், குறை சொல்லத்தான் நீங்கள் இல்லையே. புளோரன்ஸ் முழுக்க இதே வாசனை என்பீர்கள்.

தங்கச் சுரங்கத்தில் கால் ஒடிந்த இத்தாலிக்காரத் துரையை அவர் ஊரில் விட்டுவர உங்களைக் கப்பலேற்றினார்கள். திரும்பி வந்தவருக்கு வாயைத் திறந்தால் அந்த ஊர்தான். ஆற்றுப் பாலத்தின் மேலேயே கடைகளாம். சாயங்காலமானால் வீதியில் நின்று பாடுவார்களாம். தெருமுனையில் துணியில்லாத கல்சிலைகளாம். அதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பெரிய சர்ச். சுரங்கத்தில் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுத்தே பழகிய ஆள், உள்ளே போய் அண்ணாந்து பார்த்தீர்கள். அம்மாடி, அத்தனை பெரிய கூரைக்கு நடுவில் ஒரு முட்டுகூட இல்லை! "தொர, மேல வுழப் போவுது!" என்று பூசையில் இருந்தவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். பாதிச் சபையும் பின்னாலேயே ஓடி வந்ததாம். அப்புறம் தினமும் போய் அதன் கீழேயே நின்றீர்கள். "பயமும் போவல, பாக்காம இருக்கவும் முடியல" என்பீர்கள்.

என் அப்பாவோ முட்டு வேலைக்கு மேஸ்திரி. நீங்கள் பெண் கேட்டு வந்த அன்று அவரிடமும் அதே பேச்சு. "முட்டு இல்லாம நிக்குமா? இன்னாய்யா கதை வுடற? பொய் சொல்றவனுக்கு எம்பொண்ணு இல்ல."

உங்கள் அண்ணி கிசுகிசுத்தார். "நடுவுல ஒரு தூணு இருந்துச்சின்னு சொல்லித் தொலையேன். அந்த ஊருக்கு இன்னா கொறஞ்சிடும்?"

கதவுக்குப் பின்னால் நானும் ஜெபம் செய்துகொண்டிருந்தேன். கர்த்தாவே, ஒரே ஒரு தூணை அனுப்பும்!

"ஒரு தூணு..." என்று ஆரம்பித்தீர்கள். "இல்லீங்க மாமா. இல்லாதத எப்படி நட்டு வெக்கறது?"

அப்பா எழுந்துவிட்டார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. கட்டிக்கப் போகிறவளுக்காக ஒரு தூண் நடக்கூடாதா இந்த மனுசன்! ஆனால் வாய் வேறு சொன்னது. "பொண்ணு கெடைக்கும்னாகூட பொய் சொல்ல மாட்டேங்கறாரே. எனக்கு அவருதாம்ப்பா!" என்று கத்திவிட்டேன். அப்பா நம் கல்யாணப் பந்தியிலும் "முட்டு இல்லியாம், முட்டு" என்று முனகினார்.

நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து அவர் பேச்சே குறைந்துவிட்டது. நேற்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "நெஜமாவே நடுவுல ஒண்ணும் இல்லியாம்மா?"

பக்கத்துப் பௌரிங்பேட்டையைக்கூடத் தாண்டாத நான் சட்டென்று சொன்னேன்.

"இல்லப்பா. நானே பாத்தேன்."