உறைக்குள் உறை

பாராடாங்,
அந்தமான்,
3-7-1966

அன்புள்ள மரகதம்,

இரண்டு வருஷமாக எழுதாதவள் கார்டில் கிறுக்குகிறேன், திட்டாதே. என் குழந்தை ஜெயமணிக்கு ஒன்றரை வயது. பத்து நாளாக வயிற்றுப்போக்கு. போட் கிளம்பப் போகிறது, அவர் படகுத்துறையிலிருந்து கத்துகிறார். இங்கே உறையே கிடைக்கவில்லை. கேட்காத வீடில்லை. கொஞ்சம் உறை உடனே அனுப்படி.

சந்திரமதி

சென்னை,
12-7-1966

அடி சந்திரா,

உறை இல்லாமலா இத்தனை நாள் எழுதவில்லை? நான் வேறு கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்! பன்னிரண்டு உறை, ஸ்டாம்பு ஒட்டி அனுப்பியிருக்கிறேன். ஒன்றைச் செலவழித்து விவரமாக எழுது. ரத்தம், சீதம் போகிறதா? காய்ச்சல்?

உன் மரகதம்

பாராடாங்,
20-7-1966

மக்கு மரகதம்,

நான் கேட்டது தயிருக்கு ஊற்றும் உறை! உன் பார்சலைப் பிரித்துவிட்டு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. அவர் சிரித்தே விட்டார்.

குழந்தைக்குச் சளிக்காய்ச்சல் வந்து மருந்து கொடுத்தோம். காய்ச்சல் போனது, வயிறு கெட்டது. ரத்தம், சீதம் இல்லை. “மருந்து கெட்ட கிருமியோடு குடலில் இருந்த நல்லதையும் வாரிக்கொண்டு போயிருக்கும். உப்பு சர்க்கரைத் தண்ணீரும் தயிர்சாதமும் கொடும்மா” என்றார் டாக்டர். தண்ணீரால் போக்கு குறைந்தது, நிற்கவில்லை. அரைஞாண் இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது, ஒரு முடிச்சு இறுக்கியிருக்கிறேன். பார்க்கவே பயமாயிருக்கிறது.

தயிருக்கு எங்கே போவேன்? எல்லார் வீட்டிலும் பவுடர் பால். பக்கத்து வீட்டு பெங்காலி தீதி “தூத் மே நீம்பூ டாலோ” என்றாள். பாலில் எலுமிச்சை பிழிந்தேன், திரிந்தது. போர்ட் பிளேரிலிருந்து அவர் ஒரு தூக்குத் தயிரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். போட் ஆடிய ஆட்டத்தில் அத்தனையும் பேண்ட்டில். என் வனத்துறை குமாஸ்தா தயிர் மணக்க வீடு வந்து சேர்ந்தார். துவைத்துத் தொலைத்தேன்.

சந்திரமதி

சென்னை,
28-7-1966

பி.எஸ்ஸி. விலங்கியல் படித்த சந்திரமதி அவர்களுக்கு,

அந்தப் பேண்ட்டை ஏனடி துவைத்தாய்? உறை அதில்தானே இருந்தது! காய்ந்தாலும் தயிர்க் கிருமி எல்லாம் சாகாது. தூங்கும்.

கொதிக்கவைத்த மல்துணியைத் தயிரில் தோய்த்து நிழலில் உலர்த்தி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் இதைப் போடு. முதல் தயிரைக் குழந்தைக்குக் கொடுக்காதே. அதிலிருந்து உறை ஊற்றிய அடுத்ததைக் கொடு.

கிருமியே இல்லாமல் வருஷக்கணக்கில் புண்ணாகும் குடல்களை எங்கள் ஆஸ்பத்திரி லாபில் பார்க்கிறேன். நீ எழுதியதைப் பார்த்தால் இது அப்படித் தெரியவில்லை. ஆனால் தயிர் மந்திரமில்லை. தண்ணீரை நிறுத்தாதே. ரத்தம் கண்டால் அடுத்த போட்டிலேயே டாக்டரிடம் ஓடு.

மரகதம்

பாராடாங்,
12-8-1966

என் கண்ணே மரகதம்,

உறைந்தது! கிண்ணத்தைச் சாய்த்தேன், அசையவில்லை. நான்தான் ஆடினேன்.

ஐந்து நாளாக வயிறு கட்டியிருக்கிறது. ஜெயமணி முகமெல்லாம் தயிர். தயிரா தண்ணீரா, எது சரிசெய்தது என்று நீ கேட்பாய். தெரியாது, இரண்டையும் கும்பிட்டாயிற்று. தீதி ஒரு கரண்டி வாங்கிப் போனாள். இப்போது எங்கள் வரிசையில் ஏழு வீட்டிலும் உன் வீட்டுத் தயிர்தான்.

நேற்று அரைஞாணை ஒரு முடிச்சு தளர்த்தினேன்.

இதோடு பத்து உறை மிச்சம். கப்பலுக்கு ஒன்றாக எழுதுவேன். தீர்ந்ததும் உறை கேட்பேன். எந்த உறை என்று நீயே கண்டுபிடி.

உன் சந்திரா