மூன்று கோடு போட்டு நீ எழுதிய குறிப்புகள்

அன்பு வைதேகிக்கு,

நீ இருக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் உண்டா என்று தெரியவில்லை. இருந்தால் இதற்குள் அங்குள்ள நிரல்களுக்கெல்லாம் குறிப்பு எழுதி முடித்திருப்பாய். அதனால் சுற்றி வளைக்காமல் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நாம் ஜெயித்துவிட்டோம். தில்லை நகர் ஆஸ்பத்திரி நம் மென்பொருளையே வைத்துக்கொள்ளப் போகிறது. நம் அலுவலகத்தின் ஐந்து நாற்காலிகளும் பிழைத்தன. உன்னுடையதும் சேர்த்துத்தான் ஐந்து.

இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நாம் இருவரும் பதினான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து நிரல் எழுதினோம். குழந்தைகள் வார்டில் எந்த மருந்தை எத்தனை மில்லி கொடுப்பது என்று எடையை வைத்துச் சொல்லும் நிரல் அது. கணக்குப் பகுதி முழுவதும் உன்னுடையது. திரையில் பட்டன்களை அழகாக அடுக்கியது நான். எந்த வேலை முக்கியமானது என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இருந்ததில்லை.

நாங்களெல்லாம் நிரலுக்கு நடுவே இரண்டு சாய்கோடு போட்டு ‘இதைத் தொடாதே’ என்று எழுதி, அதற்குக் குறிப்பு என்று பெயர் வைத்திருந்தோம். நீ மூன்று சாய்கோடு போடுவாய். மூன்று கோடு போட்டால்தான் கம்ப்யூட்டரில் உள்ள ஒரு கருவி அதைப் பொறுக்கி எடுத்து, படிக்கத்தக்க பக்கமாக விரிக்கும். முன்னால் # என்ற ஹாஷ் குறி போட்டால் தலைப்பு. இருபக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து. சின்னக் கோடு போட்டால் பட்டியல். இவ்வளவுதான் அதன் இலக்கணம். இதைக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். நான் பதினான்கு வருடம் எடுத்துக்கொண்டேன்.

“ஏன்டி, ஸ்ரீரங்கத்துல நாமம் போட்ட வீட்டுலேர்ந்து வந்துட்டு வரிக்கு வரி மூணு பட்டை போடுறியே, உங்க தெருவுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவ பட்டையைப் பத்திப் பேச வந்துட்டா. பேசாம உன் பட்டனைப் பாருடி ஜெசி” என்றாய். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

நம் முதலாளி ராஜசேகர் சாருக்கும் அதே வருத்தம்தான். “ஏம்மா, பத்து வரி புரோகிராமுக்கு நாப்பது வரி வியாக்கியானம். அதுவும் தமிழ்ல. கஸ்டமர் பார்த்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பான்?” நீ சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: “வார்டுல இருக்கறவா தமிழ்லதான் சார் சொன்னா. அவா சொன்னதைத்தான் எழுதியிருக்கேன்.”

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. போன மறு வாரமே அந்தக் குறிப்புகளை இங்கிலீஷில் மாற்றும்படி சார் என்னிடம் சொன்னார். அடுத்த வாரம் செய்கிறேன் என்றேன். ஒவ்வொரு வாரமும் அப்படியே சொன்னேன். என் சோம்பேறித்தனத்துக்கு யாராவது சிலை வைப்பதாக இருந்தால் பீடத்தில் இதைக் குறிப்பிடலாம்.

சோம்பாமல் நான் செய்தது ஒன்றுதான். உனக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு உன் நிரலை அழகுபடுத்தினேன். ஓரிடத்தில் நீ சில அளவுகளை ஒரு தசம இடத்திலும் சிலவற்றை இரண்டு தசம இடத்திலும் காட்டியிருந்தாய். திரையில் எண்கள் கோணல்மாணலாக நின்றன. எல்லாவற்றையும் ஒரே தசமத்துக்குக் கொண்டுவந்தேன். நான்கு வரி குறைந்தது. எண்களெல்லாம் பள்ளிக்கூட வரிசை போல நேராக நின்றன. நீ பார்த்திருந்தால் பெருமைப்படுவாய் என்றுகூட நினைத்தேன், போயேன்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரிக்குப் புதிய மேனேஜர் வந்தார். கணக்கை எழுதியவரே இல்லாத மென்பொருளை எப்படி நம்புவது, பெரிய கம்பெனி ஒன்றிடம் வேறு வாங்கிவிடலாம் என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. வியாழக்கிழமை வந்து விளக்குங்கள், இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு முடித்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பினார். நமக்கு அதைவிட்டால் பெரிய வாடிக்கையாளர் கிடையாது. சார் அந்த வாரம் முழுவதும் யாரையும் திட்டவில்லை. அதிலிருந்தே நிலைமை எங்களுக்குப் புரிந்தது.

வியாழன் காலை, நிரலின் புதிய பதிப்போடு உன் குறிப்புகளையும் பக்கங்களாக எடுத்துப் போகலாம் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் நீ ஓர் எடுத்துக்காட்டு வைத்திருப்பாய்: இன்ன எடைக்கு இன்ன விடை வரவேண்டும் என்று. அவை படிப்பதற்கு மட்டுமல்ல. இயந்திரமே அவற்றை ஓட்டிப் பார்த்து, நிரல் தரும் விடையும் நீ எழுதிய விடையும் ஒன்றுதானா என்று சொல்லிவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், குறிப்புதானே என்று ஏழு மாதமாக ஓட்டாமல் இருந்தேன். அன்று ஓட்டினேன்.

எல்லாம் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு. அந்தக் குறிப்பைத் திறந்தேன்.

/// # சிறிய அளவுகள்
/// ஒரு மில்லிக்குக் குறைவான அளவை இரண்டு தசமத்தில் காட்டவும்.
/// சின்ன சிரிஞ்சில் அதற்குக் கோடு இருக்கிறது.
/// சொன்னவர்: முத்துச்செல்வி சிஸ்டர், பச்சிளங்குழந்தைகள் வார்டு.

வரவேண்டிய விடை 0.25 என்று நீ எழுதியிருந்தாய். என் அழகான நிரல் 0.3 என்றது. பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு அது சின்ன வித்தியாசம் இல்லை. அந்தப் பதிப்பு வார்டுக்கு இன்னும் போகவில்லை. மத்தியானம் போயிருக்கும்.

உன் நான்கு வரியைத் திருப்பிப் போட இரண்டு நிமிடம் ஆயிற்று. நான் அந்த வரியில்தான் கைவைப்பேன் என்று உனக்கு எப்படியடி தெரியும்?

கூட்டத்தில் குழந்தைகள் வார்டு டாக்டரம்மாவும் இருந்தார். மேனேஜர் நேராகவே கேட்டார். “எழுதினவங்க இல்ல. நாளைக்கு ஒரு சந்தேகம்னா யாரைக் கேக்குறது மேடம்?”

“அவங்களையே கேட்கலாம் சார்” என்று உன் பக்கங்களைத் திரையில் போட்டேன். ராஜசேகர் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

பின்வரிசையில் இருந்த முத்துச்செல்வி சிஸ்டர் வாய்விட்டுப் படித்தார். பாதியில் நின்றுவிட்டார். “டாக்டர், இது நான் சொன்னதுங்க. கேன்டீன் வாசல்ல நிக்க வச்சுக் கேட்டாங்க. டீ ஆறிப்போச்சுன்னு திட்டினேன். பேரோட எழுதி வச்சிருக்காங்களே.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். “எழுதுறது யாரு வேணா எழுதலாம். உள்ள அப்படித்தான் நடக்குதான்னு எப்படித் தெரியும்?”

உன்னை நினைத்துக்கொண்டு அவர்கள் கண்ணெதிரே என் அழகான நிரலைத் திரும்பவும் உள்ளே போட்டு ஓட்டினேன். சிவப்பு எழுத்தில் வந்தது: வரவேண்டியது 0.25, வந்தது 0.3.

“இந்தத் தப்பு யாரு பண்ணினது?”

“நான்தான் டாக்டர்.”

“கண்டுபிடிச்சது?”

“வைதேகி. இன்னைக்குக் காலையில.”

டாக்டரம்மா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு மேனேஜரிடம், “இந்தப் பக்கத்தையெல்லாம் பிரின்ட் எடுத்து வார்டுல வைக்கச் சொல்லுங்க. மாத்துறது பத்தி இனிமே பேச வேணாம்” என்றார். சார் வெளியே வந்ததும், “தமிழ்ல இருந்ததுதான்மா நமக்கு பிளஸ். நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிட்டு இருக்கேன்” என்றார். நான் மறுக்கவில்லை. வெற்றி பெற்ற நாளில் முதலாளிகளின் ஞாபகசக்தியைச் சோதிக்கக் கூடாது.

இப்போது அலுவலகத்தில் சட்டமே வந்துவிட்டது. சொன்னவர் பெயரும் ஓர் எடுத்துக்காட்டும் இல்லாமல் எந்தக் கணக்கும் உள்ளே போகாது. எல்லாரும் மூன்று கோடு போடுகிறோம்.

இன்னொரு செய்தி. பச்சைமலையில் இருக்கும் இரண்டு சிறிய மருத்துவ நிலையங்களுக்கும் நம் நிரல் போகப்போகிறது. அங்கே தராசு வேறு, கரண்டி அளவு வேறு, நர்ஸ்கள் சொல்லப்போவதும் வேறாக இருக்கும். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நான் போகிறேன். அங்கே நாளுக்கு இருக்கிறதே சில பஸ்கள்தான்; நினைத்தபோது மறுபடி போய்க் கேட்க முடியாது, அதனால் எல்லாவற்றையும் கேட்டு முடித்துத்தான் திரும்புவேன்.

அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்கிற மாதிரியே எழுதுவேன், பெயரோடு. அடியில் எடுத்துக்காட்டு வைப்பேன். தினமும் ஓட்டுவேன். நாளை நானும் போனபின் யாராவது ஒரு கெட்டிக்காரி வந்து என் வரிகளை அழகுபடுத்துவாள். அவளுக்கும் சிவப்பு எழுத்து வரும்படி செய்துவிட்டுத்தான் போவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

கூடப் பிறக்கவில்லை என்ற ஒரே குறையோடு,
உன் அக்கா
ஜெசிந்தா